பெரிய கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டாச்சு: பங்கு போட்டவர்களிடம் எவ்வளவு சொல்லலாம்?

மேல்புறம்_தேன் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். குமரி மாவட்டத்தில் மேல்புறம் பக்கம் நானும் அண்ணனும் சேர்ந்து ஒரு சின்ன பிரைவேட் லிமிடெட் நடத்துகிறோம். தேனீ வளர்ப்பவர்களிடம் தேன் வாங்கி, வடிகட்டி, ஈரப்பதம் குறைத்து, பாட்டிலில் அடைத்து விற்கிறோம். பங்குதாரர்கள் நாற்பது பேருக்குப் பக்கம் வரும். பாதிப் பேர் சொந்தக்காரர்கள். மீதிப் பேர் ரிட்டயர்டு டீச்சர்களும் வளைகுடாவில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்களும்.

போன மாதம் ஒரு பெரிய உணவுக் கம்பெனி எங்களோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. எங்கள் ரப்பர் தேனை, அதாவது ரப்பர் தோட்டத்தில் கிடைக்கும் தேனை, அவர்கள் பெயரில் விற்பதாகத் திட்டம். பெயரை இங்கே சொல்ல முடியாது, ரகசியக் காப்பு ஒப்பந்தமும் போட்டிருக்கிறோம். ஆனால் விஷயம் எப்படியோ கசிந்து, குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் சுற்றிவிட்டது. அப்புறம் போன் ஓயவில்லை. ஒருவர், அந்தக் கம்பெனிக்கு நாடு முழுக்க எத்தனை கடை, கடைக்கு எத்தனை பாட்டில் என்று பெருக்கி, நமக்கு எத்தனை கோடி வரும் என்று கணக்கே போட்டு அனுப்பிவிட்டார். இன்னொருவர் இன்னும் 5 லட்சம் போடுகிறேன், உடனே பங்கு கொடு என்கிறார். என் பெரியம்மா, 'இனி பங்கு என்ன விலைக்குப் போகும் மக்களே?' என்று கேட்கிறார்.

உண்மையில் அந்த ஒப்பந்தத்தில் அளவும் இல்லை, விலையும் இல்லை. 'இரு தரப்பும் சேர்ந்து செயல்பட விரும்புகின்றன' என்ற அளவில்தான் இருக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை மட்டும் தெளிவாக இருக்கிறது: அடுத்த ஆறு மாதத்துக்கு ரப்பர் தேனை வேறு எந்தப் பிராண்டுக்கும் நாங்கள் கொடுக்கக் கூடாது.

ஆர்டர் வந்த பிறகு பேசிக்கொள்ளலாம், அதுவரை சந்தோஷமாக இருக்கட்டும் என்கிறார் அண்ணன். இப்போதே ஒரு கடிதம் எழுதிவிட வேண்டும் என்பது என் எண்ணம். என்ன எழுதலாம், எதை எழுதக் கூடாது? தொழில் செய்பவர்களும் பணம் போட்டவர்களும் சொன்னால் நன்றாக இருக்கும்.

---

வடசேரி_வாய்

பெண் பார்த்து காபி குடித்துவிட்டுப் போனதற்கே ஊர்க்காரர்கள் பந்தல் போட்டுவிட்டார்கள் போல. வாழ்த்துகள் அக்கா.

---

பர்ச்சேஸ்_பழசு

தங்கச்சி, நான் வேலையில் இருந்த காலம் முழுக்க ஒரு பெரிய கம்பெனியின் கொள்முதல் பிரிவில்தான். இப்போது நாகர்கோவிலில் ஓய்வாக இருக்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன்.

உங்களோடு கையெழுத்துப் போட்டவர் யார் என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் புதிய தொழில் வளர்ச்சிப் பிரிவு ஆளாக இருப்பார். அவருடைய வேலை, இந்த மாதிரி பத்து ஒப்பந்தம் போட்டு மேலே காட்டுவது. அதில் ஒன்றோ இரண்டோ பலித்தால் போதும். கொள்முதல் பிரிவுக்கு உங்கள் பெயரே இன்னும் தெரியாமல் இருக்கலாம்.

அதற்குப் பிறகுதான் நிஜமான வரிசை தொடங்கும். முதலில் வெண்டர் பதிவு, அதாவது சப்ளையராகப் பதிவு. அடுத்து சாம்பிள், லேப் ரிசல்ட். பிறகு உங்கள் யூனிட்டை நேரில் பார்க்க ஆடிட் வருவார்கள். அதில் தேறினால் சோதனை லாட், அதாவது சோதித்துப் பார்க்க ஒரு சின்னச் சரக்கு. அது நன்றாகப் போனால் ரேட் கான்ட்ராக்ட். கடைசியில் பர்ச்சேஸ் ஆர்டர். ரேட் கான்ட்ராக்ட் வந்துவிட்டாலே ஆர்டர் வந்துவிட்டது என்று நினைப்பவர்கள் நிறைய. அதில் இருப்பது விலை மட்டும்தான். 'வாங்கினால் இந்த விலைக்கு வாங்குவோம்' என்று அர்த்தம். எவ்வளவு வாங்குவோம் என்று எந்தக் கட்டாயமும் இருக்காது. சில கம்பெனிகள் மாதாமாதம் உத்தேச அளவு அனுப்புவார்கள். அதுவும் ஆர்டர் அல்ல. அதை நம்பி பாட்டிலும் லேபிளும் அடித்து வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். லேபிளில் அவர்கள் பிராண்ட் இருப்பதால் வேறு எங்கும் விற்கவும் முடியாது.

பங்குதாரர்களுக்கு எழுதும்போது இந்த வரிசையில் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று சொல்லுங்கள். 'பேச்சுவார்த்தை சிறப்பாகப் போய்க்கொண்டிருக்கிறது' என்று எழுதினால் ஆளாளுக்கு ஒரு அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள். 'சாம்பிள் கொடுத்திருக்கிறோம், ரிசல்ட் வரவில்லை' என்று எழுதினால் எல்லாருக்கும் ஒரே அர்த்தம்தான்.

இன்னொன்று. அந்த ஆறு மாத நிபந்தனை எனக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் ஒரு கிலோகூட வாங்குவதாகச் சொல்லவில்லை, நீங்கள் மட்டும் வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று கைகட்டி நிற்கிறீர்கள். பங்குதாரர் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயமே இதுதான்.

---

மேல்புறம்_தேன்

நன்றி சார். வெண்டர் பதிவு முடிந்தது. சாம்பிள் போயிருக்கிறது, ரிசல்ட் இன்னும் வரவில்லை. அப்படிப் பார்த்தால் இரண்டாவது படியில் நிற்கிறோம். வாட்ஸ்அப்பில் எல்லாரும் கடைசிப் படிக்கு அப்பால் போய்விட்டார்கள்.

---

குழித்துறை_ஆடிட்டர்

கடிதத்தை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்த 5 லட்சத்தைப் பற்றிப் பேசிவிடுகிறேன். இப்போது வாங்கவே வாங்காதீர்கள்.

பிரைவேட் கம்பெனி பொதுமக்களைப் பங்கு வாங்க அழைக்கக் கூடாது. உறுப்பினர் எண்ணிக்கையும் 200-ஐத் தாண்டக் கூடாது. புதிதாகப் பங்கு கொடுப்பதென்றால் 2013 கம்பெனிகள் சட்டம் 42-ஆம் பிரிவின்படி பிரைவேட் பிளேஸ்மென்ட்: யாருக்கு என்று பெயர் குறித்து பிஏஎஸ்-4 படிவத்தில் சலுகைக் கடிதம், பணம் அவர்களுடைய சொந்த வங்கிக் கணக்கிலிருந்து, பணம் வந்த 60 நாளுக்குள் பங்கு ஒதுக்கீடு, ஒதுக்கிய 15 நாளுக்குள் அதைத் தெரிவிக்கும் பிஏஎஸ்-3 படிவம் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல். அது தாக்கல் ஆகும்வரை பணத்தைத் தொடக் கூடாது. இதற்கு விளம்பரமும் செய்யக் கூடாது. ஒப்பந்தப் படத்தை ஸ்டேட்டஸில் வைத்து 'விருப்பமுள்ளவர்கள் அணுகவும்' என்று யாராவது எழுதினால் அது விளம்பரம்தான், வாட்ஸ்அப் என்பதால் விலக்கு கிடையாது.

'சரி, பங்கு வேண்டாம், கைமாற்றாக வாங்கிக்கொள்ளலாம்' என்று உங்கள் அண்ணன் சொல்லக்கூடும். வெளியாட்களிடம் வாங்கினால் அது டெபாசிட் ஆகிவிடும், அதுவும் கூடாது. டைரக்டரும் டைரக்டரின் உறவினரும், தாம் கடன் வாங்கிய பணத்தைத் தரவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் தரலாம். இந்தச் சட்டத்தில் 'உறவினர்' என்றால் யார் யார் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. நம் ஊர்க் கணக்குப்படி மூன்றாவது தெரு மாமாவும் உறவினர்தான். அந்தப் பட்டியலில் அவர் இல்லை.

சட்டத்தை விடுங்கள், நியாயம் என்று ஒன்று இருக்கிறது. ஊர் முழுக்க எதிர்பார்ப்பு ஏறி நிற்கும்போது, ஒப்பந்தத்தில் அளவும் விலையும் இல்லை என்று தெரிந்த நீங்கள் அந்த எதிர்பார்ப்பின் பேரில் பணம் வாங்கினால், நாளை அவர் 'நீங்கள் முன்பே சொல்லவில்லையே' என்று கேட்பார். அதற்குப் பதில் இருக்காது. பணம் தேவைப்பட்டால் கடிதம் போன பிறகு, எல்லாம் தெரிந்து தருகிறவரிடம் முறைப்படி வாங்குங்கள்.

---

மஸ்கட்_மார்த்தாண்டம்

நான் எதிர்ப்பக்கம். இதே மாதிரி ஊர்க் கம்பெனி ஒன்றில் பணம் போட்டவன். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள்.

எங்களுக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்பதே இல்லை. கோடி வரும் என்று நாங்கள் எல்லாரும் நம்பிக்கொண்டிருக்கவில்லை. இங்கே உழைத்துச் சம்பாதிக்கிற எவனுக்கும் பணம் அவ்வளவு லேசில் வராது என்று தெரியும். எங்களை எரிச்சல்படுத்துவது வேறு. லீவுக்கு ஊருக்கு வந்தால் கல்யாண வீட்டில் சாப்பிட உட்காரும்போது பக்கத்து இலைக்காரர் 'உங்க கம்பெனிக்கு பெரிய ஆர்டராமே' என்கிறார். அடுத்த வருடம் அதே ஆள் 'அந்த ஆர்டர் போச்சாமே' என்கிறார். இரண்டு செய்தியும் எனக்குக் கம்பெனியிடமிருந்து வரவில்லை.

நல்ல செய்தியைச் சொன்ன வேகத்தில் கெட்ட செய்தியையும் சொன்னால் போதும். அப்புறம், எல்லாருக்கும் ஒரே நாளில் சொல்லுங்கள். சொந்தக்காரனுக்குத் திங்கள்கிழமையும் எனக்கு அடுத்த மாதமும் தெரிந்தால், நான் போட்ட ரூபாயும் அவன் போட்ட ரூபாயும் ஒன்றில்லை என்றுதானே ஆகும்?

ஒன்றுமே சொல்லாமல் இருக்கலாம் என்று உங்கள் அண்ணன் நினைப்பதும் எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் வாயை மூடினால் ஊர் மூடாது.

---

அருமனை_ரப்பர்

எல்லாரும் ஒப்பந்தத்தையே பேசுகிறீர்கள். தேன் எங்கிருந்து வரும் என்று யாராவது யோசித்தீர்களா?

நான் ரப்பர் தோட்டத்துக்காரன், தேனீப் பெட்டியும் வைத்திருக்கிறேன். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை. இலையுதிர்ந்து புதுத்தளிர் விடும்போது, மூன்று இலையும் சேருகிற காம்பு முனையில் ஒரு சுரப்பி இனிப்பாகக் கசியும். தேனீ அதைத்தான் எடுக்கிறது. அந்தத் தளிர்க்காலம் சுமாராக பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரைதான். வருடத்துக்கான தேன் அத்தனையும் அந்தச் சில வாரத்தில் வந்தாக வேண்டும். அந்த நேரத்தில் மழை பிடித்தால் போச்சு. மீதி மாதங்களில், அதுவும் மழைக்காலத்தில், நாங்கள்தான் தேனீக்குச் சீனிப்பாகு வைத்துக் காப்பாற்றுகிறோம்.

பெரிய கம்பெனி செப்டம்பரில் 'தீபாவளிக்கு இன்னும் 10 டன் கொடுங்கள்' என்று கேட்டால் மரம் கேட்காது. ஏப்ரலில் வாங்கி வைத்ததுதான் இருக்கும். பாட்டில் கம்பெனி கூடுதல் ஷிப்ட் போட்டு இரண்டு மடங்கு தரலாம். தேனீ அப்படித் தராது.

1990-களின் தொடக்கத்தில் தாய்லாந்து சாக்புரூட் என்ற தேனீ வைரஸ் நோய் வந்து தென்னிந்தியா முழுக்க இந்தியத் தேனீக் கூட்டங்கள் கொத்துக்கொத்தாக அழிந்தன. அப்போது நம் மாவட்டத்தில் பெட்டியைக் காலியாக அடுக்கி வைத்த வீடுகள் எத்தனை என்று பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். மறுபடி வரும் என்று சொல்லவில்லை. ஆனால் பணம் போட்டவர்களுக்கு இந்தத் தொழிலின் எல்லை எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். அந்தக் கம்பெனிக்கு எத்தனை கடை என்ற கணக்கை விட, நம் பக்கம் எத்தனை பெட்டி, ஒரு பெட்டிக்கு எவ்வளவு எடுக்கலாம் என்ற கணக்கு முக்கியம். கோடிக் கணக்குப் போட்ட அந்த அண்ணாச்சியிடம் இதைக் கொடுங்கள், அவரே அடங்கிவிடுவார்.

---

மேல்புறம்_தேன்

அண்ணே, சரியாகச் சொன்னீர்கள். தரப் பிரச்சினையும் இருக்கிறது. உணவுப் பாதுகாப்புத் தர ஆணைய விதிப்படி தேனில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ரப்பர் தேன் கூட்டிலிருந்து எடுக்கும்போதே பல நேரம் அதைத் தாண்டித்தான் இருக்கும். அதனால்தான் ஈரம் குறைக்கும் மெஷின் வாங்கினோம். சூடு அதிகமானால் தேனில் எச்எம்எஃப் என்ற வேதிப்பொருள் ஏறிவிடும், அதற்கும் கிலோவுக்கு 80 மில்லிகிராம் என்று எல்லை உண்டு. மெதுவாகத்தான் ஓட்ட முடியும். அதனால் எங்கள் உச்ச அளவு எவ்வளவு என்பது எங்களுக்கே நன்றாகத் தெரியும். கடிதத்தில் அதைப் போட வேண்டும் என்று இதுவரை தோன்றவில்லை.

---

தக்கலை_பேங்க்_பென்ஷனர்

அந்த உச்ச அளவை வைத்தே ஒரு பணக்கணக்கு போடுவோம். எண்களெல்லாம் உதாரணத்துக்குத்தான்.

10 டன் தேன் வாங்குகிறீர்கள், கிலோ 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 20 லட்சம். தேனீ வளர்ப்பவருக்கு மார்ச், ஏப்ரலில் கையோடு கொடுக்க வேண்டும். அவரிடம் கடன் சொன்னால் அடுத்த வருடம் வேறு ஆளுக்குக் கொடுப்பார். அந்தத் தேனைப் பெரிய கம்பெனி ஆகஸ்டிலிருந்து ஜனவரி வரை கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கிறது. ஒவ்வொரு லாட்டுக்கும் பணம் 45 நாள் கழித்து. ஆக, முதல் ரூபாய் போனதிலிருந்து கடைசி ரூபாய் திரும்பி வரும்வரை ஏறக்குறைய ஒரு வருடம். நடுவில் வட்டி, பாட்டில், மின்சாரம், சம்பளம்.

பெரிய ஆர்டர் வந்தால் கையில் பணம் கூடும் என்றுதான் பங்குதாரர் நினைப்பார். முதல் வருடம் நடப்பது நேர் எதிர். ஆர்டர் பெரிதாகப் பெரிதாகக் கையில் பணம் குறையும். லாபமும் காட்டும், பணமும் இருக்காது. அந்த வருடம் 'பெரிய கம்பெனியோடு வியாபாரம் செய்கிறீர்களே, டிவிடெண்ட் எங்கே?' என்று கேட்பார்கள். இதை முன்கூட்டியே சொல்லவில்லை என்றால் உங்கள் மேல் சந்தேகம் வரும். இத்தனை வருடம் கடன் கொடுக்கும் மேசையில் உட்கார்ந்து நான் கண்டது: சின்னக் கம்பெனிகள் பல, ஆர்டர் இல்லாமல் விழுந்ததை விட ஆர்டர் வந்து பணம் சுற்றாமல் விழுந்தன.

குறு, சிறு நிறுவனங்களுக்கான உதயம் பதிவு இருக்கிறதா? இருந்தால் எம்எஸ்எம்இ சட்டம் 2006-இன் 15-ஆம் பிரிவுப்படி எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்கக் கூடாது. ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. வருமான வரிச் சட்டத்தில் 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வந்த ஒரு விதியால், குறு, சிறு நிறுவனத்துக்கு நேரத்தில் பணம் தராத கம்பெனி அந்தச் செலவை அந்த வருடம் கழிக்க முடியாது. அதனால் இப்போது பெரியவர்கள் கொஞ்சம் கவனமாக இருக்கிறார்கள். 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள், சின்னக் கம்பெனிகளின் பில்லுக்கு முன்கூட்டியே பணம் கிடைக்க வழி செய்யும் டிரெட்ஸ் என்ற இணையத் தளத்தில் சேர வேண்டும் என்றும் விதி இருக்கிறது. அவர்கள் உங்கள் பில்லை அங்கே ஏற்றுக்கொண்டால் 45 நாள் காத்திருக்காமல் தள்ளுபடியில் பணம் வாங்கலாம். ஒப்பந்தம் பேசும்போதே இதைக் கேளுங்கள், பின்னால் கேட்டால் கிடைக்காது.

---

கொளச்சல்_கோடிங்

நான் அமெரிக்காவில் இருக்கிறேன், தொழில் வேறு. ஆனால் இந்தக் கதை இங்கே ரொம்பப் பிரபலம், உங்களுக்குப் பொருந்தும்.

ஜிடி அட்வான்ஸ்ட் டெக்னாலஜீஸ் என்று ஒரு கம்பெனி. 2013 நவம்பரில் ஆப்பிளோடு ஒப்பந்தம் போட்டது. அரிசோனாவில் மெசா என்ற ஊரில் ஆப்பிளுக்குச் சொந்தமான தொழிற்சாலையில் சஃபையர் (எளிதில் கீறல் விழாத செயற்கைப் படிகம்) தயாரிக்க வேண்டும். ஆப்பிள் 57.8 கோடி டாலர் முன்பணம், நான்கு தவணையில். ஊடகங்கள் எல்லாம், அடுத்த ஐபோன் திரை சஃபையர்தான் என்று முடிவே செய்துவிட்டன. பங்கு விலை ஏறியது.

ஒப்பந்தத்துக்குள் என்ன இருந்தது? முன்பணம் ஜிடி திருப்பித் தர வேண்டிய பணம். ஆப்பிள் சஃபையரை வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் அதே வகைப் பொருளுக்காக வேறு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளுக்கு சஃபையர் கொடுக்க ஜிடிக்குக் கட்டுப்பாடு. தேன் கதை ஞாபகம் வருகிறதா? உற்பத்தி எதிர்பார்த்தபடி வரவில்லை. 2014 செப்டம்பரில் ஐபோன் 6 வந்தபோது திரையில் சஃபையர் இல்லை. கடைசித் தவணையும் வரவில்லை. அக்டோபர் 6-ஆம் தேதி ஜிடி திவால் மனுக் கொடுத்தது. அன்றே பங்கு 90 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. 2019-இல் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம், ஆப்பிளுக்கு சஃபையர் தரும் திறனைப் பற்றி முதலீட்டாளர்களைத் தவறாக வழிநடத்தியதாக அந்தக் கம்பெனி மேலும் அதன் முன்னாள் தலைமை நிர்வாகி மேலும் நடவடிக்கை எடுத்தது.

கவனியுங்கள், ஆப்பிளோடு ஒப்பந்தம் இருந்தது நிஜம், பணம் வந்ததும் நிஜம். பொய்யான ஒப்பந்தம் அல்ல. வேலை எப்படிப் போகிறது என்று சொன்னதில்தான் கோளாறு.

இன்னொன்று, கிராபிக்ஸ் சிப் வடிவமைக்கும் இங்கிலாந்தின் இமாஜினேஷன் டெக்னாலஜீஸ். வருமானத்தில் பாதியளவு ஆப்பிளிடமிருந்து. 2017 ஏப்ரலில், இன்னும் இரண்டு வருடத்துக்குள் உங்கள் தொழில்நுட்பத்தை நிறுத்திக்கொள்கிறோம் என்று ஆப்பிள் சொல்லிவிட்டது. ஒரே நாளில் பங்கு பாதிக்கும் கீழே. அதே வருடம் கம்பெனி விற்பனைக்கே போய்விட்டது.

---

வடசேரி_வாய்

மேல்புறத்தில் கிளம்பிய தேன் அரிசோனாவுக்கே போயாச்சு. கொளச்சல்காரன் எதிலும் பாதியில் நிற்க மாட்டான்.

---

திங்கள்சந்தை_தொழில்

எல்லாரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள். நான் அண்ணன் பக்கம்.

சின்னக் கம்பெனி நடத்துவது நம்பிக்கையில்தான். பங்குதாரருக்குக் கடிதம் முழுக்க இது இல்லை, அது இல்லை, இது நடக்காமல் போகலாம் என்று எழுதினால் என்ன ஆகும்? பத்துப் பேர் என் பணத்தைத் திருப்பிக் கொடு என்பார்கள். பிரைவேட் கம்பெனிப் பங்கை வெளியே விற்கவும் முடியாது, அதனால் எல்லா நெருக்கடியும் இந்த இரண்டு பேர் தலையில் விழும். சீசனுக்கு முன்னால் அந்த நெருக்கடி வந்தால் தேன் வாங்கக்கூட மனசு இருக்காது. இன்னொன்று, நாற்பது பேருக்குப் போகிற கடிதம் ரகசியமாக இருக்காது. 'எங்களால் இவ்வளவுதான் முடியும், இந்த நிபந்தனை எங்களைக் கட்டிப் போட்டிருக்கிறது' என்று நீங்கள் எழுதியது அந்தப் பெரிய கம்பெனியின் கையிலும் போய்ச் சேரும். அப்புறம் எந்த முகத்தோடு பேரம் பேசுவீர்கள்?

---

பர்ச்சேஸ்_பழசு

நியாயமான கேள்வி. கசியும் என்பது நிச்சயம். ஆனால் கசிந்தால் வெட்கப்பட வேண்டிய கடிதமாக எழுதுவானேன்? அந்தக் கம்பெனியின் கொள்முதல் தலைவர் படித்தாலும் பரவாயில்லை என்ற மாதிரி எழுதுங்கள். உச்ச அளவைச் சொல்வதில் ஒரு இழப்பும் இல்லை, ஆடிட் வரும்போது அவர்களே பார்க்கப் போகிறார்கள். உண்மையான அளவைச் சொல்கிற சப்ளையரை எங்களுக்குப் பிடிக்கும். 50 டன் தருகிறேன் என்று சொல்லி 12 டன் தருகிறவர்தான் எங்கள் தலைவலி. விலை, லாப விகிதம், தேன் வாங்கும் விலை இவற்றை மட்டும் எழுதாதீர்கள்.

நிபந்தனையைப் பற்றியும் புலம்ப வேண்டாம். 'இந்தக் காலத்துக்கு இப்படி ஒரு கட்டுப்பாடு உண்டு, இதைத் தளர்த்தும்படி பேசிக்கொண்டிருக்கிறோம்' என்று ஒரே வரி. பேசுங்கள் முதலில், அப்புறம் எழுதுங்கள்.

---

மஸ்கட்_மார்த்தாண்டம்

திங்கள்சந்தை அண்ணே, பணத்தைத் திருப்பிக் கேட்பவன் உண்மை தெரிந்ததால் கேட்க மாட்டான். உண்மை வேறு ஆள் வழியாகத் தெரிந்தால்தான் கேட்பான்.

---

திங்கள்சந்தை_தொழில்

நீங்கள் ஒருவர் அப்படி. நாற்பது பேரும் மஸ்கட்காரர் மாதிரி இருந்தால் நான் வாயைத் திறக்கவே மாட்டேன்.

---

மேல்புறம்_தேன்

இதற்கு நடுவில் இன்னொரு கேள்வி. ஒரு டீச்சர் கேட்கிறார்: 'அவ்வளவு பெரிய கம்பெனி, பங்குச்சந்தையில் இருக்கிற கம்பெனி. உங்களோடு ஒப்பந்தம் போட்டது உண்மையென்றால் அவர்கள் ஏன் எங்கும் அறிவிக்கவில்லை? அப்போ இது டூப்பா?' என்ன பதில் சொல்வது?

---

குழித்துறை_ஆடிட்டர்

நல்ல டீச்சர். அவருக்குச் சொல்லுங்கள்: பட்டியலிடப்பட்ட கம்பெனி எல்லாவற்றையும் அறிவிக்க வேண்டியதில்லை. பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி, பட்டியலிட்ட கம்பெனிகளுக்காக 2015-இல் போட்ட எல்ஓடிஆர் விதிகளில் 30-ஆவது விதி, தொகை பெரிதாக இருந்தால்தான் பல விஷயங்களை அறிவிக்கக் கட்டாயப்படுத்துகிறது. விற்றுமுதலில் 2 சதவீதம், நிகர மதிப்பில் 2 சதவீதம், மூன்று வருட சராசரி லாபநட்டத்தில் 5 சதவீதம், இந்த மூன்றில் எது குறைவோ அதுதான் எல்லை. ஆயிரக்கணக்கான கோடி புரளும் கம்பெனியில் உங்கள் தேன் அந்தப் பக்கம்கூடப் போகாது. அறிவிக்காதது டூப் என்பதற்கு அடையாளம் இல்லை. நீங்கள் அவர்களுக்கு எவ்வளவு சின்ன ஆள் என்பதற்கு அடையாளம். டீச்சருக்கு அதையும் சேர்த்தே சொல்லலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

அவர்கள் லோகோவை உங்கள் கடிதத்திலோ வெப்சைட்டிலோ போடாதீர்கள். எழுத்தில் அனுமதி வாங்காமல் பெயரைக்கூடப் பயன்படுத்த வேண்டாம்.

---

நெறியாளர்

அந்தக் கம்பெனியின் பெயரை ஊகித்து எழுதிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். யாரும் ஊகிக்க வேண்டாம்.

---

மேல்புறம்_தேன்

கடிதத்தின் வரைவு இது. குறை சொல்லுங்கள்.

'அன்புள்ள பங்குதாரர்களுக்கு,

ஒரு பெரிய உணவு நிறுவனத்தோடு நாம் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்திருக்கிறோம். ரகசியக் காப்பு உடன்பாட்டால் பெயரை எழுத முடியாது. பல வழிகளில் பல செய்திகள் வந்திருப்பதால் உள்ள நிலையை எழுதுகிறோம்.

இந்த ஒப்பந்தத்தில் வாங்கும் அளவும் விலையும் குறிப்பிடப்படவில்லை. நமக்கு இதுவரை ஆர்டர் எதுவும் வரவில்லை. சப்ளையராகப் பதிவு முடிந்து, சாம்பிள் கொடுத்திருக்கிறோம். சோதனை முடிவு, யூனிட் ஆய்வு, சோதனை லாட், விலை ஒப்பந்தம், ஆர்டர் ஆகியவை இனிமேல்தான். எந்தப் படியிலும் இது நின்றுபோகலாம்.

ஆறு மாதத்துக்கு ரப்பர் தேனை வேறு பிராண்டுகளுக்குத் தருவதில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறோம். நம் சொந்தப் பெயரில் விற்பதற்குத் தடை இல்லை. இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தும்படி பேசி வருகிறோம்.

நம் மெஷினும் நமக்குத் தேன் தருபவர்களின் பெட்டிகளும் சேர்ந்து ஒரு சீசனில் எவ்வளவு முடியும் என்ற அளவை இத்துடன் இணைத்திருக்கிறோம். ஆர்டர் எவ்வளவு பெரிதாக வந்தாலும் அடுத்த சீசன் வரை அதற்கு மேல் தர முடியாது. ஆர்டர் நிச்சயமாக வந்தால் முதல் வருடத்தில் தேன் வாங்கவே பணம் முடங்கும். அதனால் அந்த வருடம் டிவிடெண்ட் எதிர்பார்க்க வேண்டாம்.

இந்த ஒப்பந்தத்தின் பேரில் இப்போது யாரிடமும் புதிய பணம் வாங்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, செய்தி இருந்தாலும் இல்லாவிட்டாலும், எழுதுவோம். ஆர்டர் வந்தாலோ ஒப்பந்தம் முடிந்தாலோ ஒரு வாரத்துக்குள் எல்லாருக்கும் ஒரே நாளில் தெரிவிப்போம்.'

---

தக்கலை_பேங்க்_பென்ஷனர்

நன்றாக இருக்கிறது. 'ஆர்டர் நிச்சயமாக வந்தால்' என்ற இடத்தில் 'நிச்சயமாக' வேண்டாம். அந்த ஒரு வார்த்தையை மட்டும் பிடித்துக்கொள்வார்கள்.

---

அருமனை_ரப்பர்

சீசன் அளவு போன வருடத்துக் கணக்கா, நல்ல வருடத்துக் கணக்கா? மழை கெடுத்த வருடத்தின் அளவையும் பக்கத்தில் போடுங்கள் அக்கா.

---

திங்கள்சந்தை_தொழில்

என் எதிர்ப்பு இன்னும் இருக்கிறது, ஆனாலும் ஒரு யோசனை. நம் சொந்தப் பிராண்ட் இப்போது எவ்வளவு விற்கிறது என்று இரண்டு வரி சேருங்கள். அந்தப் பெரிய ஆள் வராவிட்டாலும் கடை திறந்திருக்கும் என்று தெரிய வேண்டாமா? கடிதத்தைப் படித்தால் அவர்களை விட்டால் உங்களுக்கு வேறு கதியே இல்லை என்று தோன்றுகிறது.

---

மேல்புறம்_தேன்

இது அருமை அண்ணே. அண்ணனும் இதையேதான் கேட்டார். அந்த இரண்டு வரியை அவரையே எழுதச் சொல்கிறேன். பென்ஷனர் சார், வார்த்தையை எடுத்துவிட்டேன். அருமனை அண்ணே, இரண்டு வருடத்து அளவும் போடுகிறேன்.

---

குழித்துறை_ஆடிட்டர்

உறுப்பினர் பதிவேட்டில் இருக்கும் முகவரிக்கும் மின்னஞ்சலுக்கும் அனுப்புங்கள். டீச்சர்களுக்குத் தபாலில். அனுப்பும் முன் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் பங்குதாரருக்குத் தெரிவிக்க விலக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிலவற்றில், ஒப்பந்தம் இருக்கிறது என்ற தகவலே ரகசியம் என்று எழுதியிருப்பார்கள். அப்படி இருந்தால் அவர்களிடம் ஒரு வரி அனுமதி வாங்கிய பிறகுதான் அனுப்ப வேண்டும்.

---

மேல்புறம்_தேன்

பார்த்துவிட்டேன் சார். விதிமுறைகள்தான் ரகசியம், பங்குதாரருக்கும் ஆடிட்டருக்கும் வங்கிக்கும் தெரிவிக்க விலக்கு இருக்கிறது.

ஒரு புதுச் செய்தி. நிபந்தனையைப் பற்றி அண்ணன் அவர்களிடம் பேசினார். 'சோதனை லாட் வரும்வரை நீங்கள் மற்றவர்களுக்கும் கொடுக்கலாம், எங்களுக்கு ஆட்சேபம் இல்லை' என்று போனில் சொல்லி, அப்படியே ஒரு மெயிலும் போட்டிருக்கிறார்கள். கடிதத்தில் கட்டுப்பாடு நீங்கியது என்று எழுதிவிடலாமா?

---

பர்ச்சேஸ்_பழசு

வேண்டாம். மெயில் போட்டது அந்தத் தொழில் வளர்ச்சிப் பிரிவு ஆள்தானே? நாளை அவர் வேறு இடத்துக்குப் போய்விடுவார். மூல ஒப்பந்தத்தில் திருத்தம் இரு தரப்பும் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும் என்று ஒரு பிரிவு இருக்கும், பாருங்கள். ஒரு பக்கத் திருத்தம் தயார் செய்து அனுப்பி, கையெழுத்து வாங்குங்கள். அது கைக்கு வந்த பிறகு அடுத்த கடிதத்தில் எழுதலாம்.

---

மேல்புறம்_தேன்

பிரிவு இருக்கிறது, கடைசிக்கு முந்தின பக்கத்தில். திருத்தம் இன்றே அனுப்புகிறேன். கடிதம் பழைய வரியோடேயே நாளை தபாலில் போகிறது.